கோட்டை வாசலுக்கு வர்ற கூட்டம்: தம்பிக்கு அக்கா சொல்ற டிப்ஸ்

தம்பி, ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ் ஆட ஆரம்பிச்சதுலருந்து நீ என்கிட்ட கேட்கிறதெல்லாம் சுரங்கம் எப்படி வெட்டறது, காளான் எங்க பயிர் பண்றது, சாராயம் ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகுதுன்னுதான். அதெல்லாம் ரெண்டு கோட்டை கட்டினா தானா கைக்கு வந்துடும். நான் இன்னைக்கு வெளியிலருந்து உன் கோட்டைக்கு வர்ற கூட்டங்களைப் பத்திச் சொல்றேன். வியாபாரிங்க, குடியேற வர்ற குடும்பங்க, பாட்டுக்காரங்க, கூலிப்படைக்காரங்க, எதிரிப் படை. யார் எதுக்கு வர்றாங்கன்னு தெரிஞ்சு ஆடினாத்தான் கோட்டை நிலைக்கும்.

மத்த கேம்ல கடைக்காரன் எப்பவும் அதே திண்ணையில உட்கார்ந்திருப்பான். நீ போற இடத்துல, போற நேரத்துக்கு எதிரி முளைப்பான். இங்க அப்படியில்ல. டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர் 2002-ல ஆரம்பிச்சு, 2006-ல முதல்தடவை வெளியிட்டு, இன்னைக்கு வரைக்கும் வளர்த்துக்கிட்டு வர்ற உலகம் இது. நீ உள்ள காலெடுத்து வைக்கறதுக்கு முன்னாடியே அங்க அரசுகள் தோன்றி, சண்டை போட்டு, சில அரசு அழிஞ்சும் போயிருக்கும். 2014-ல வந்த பதிப்புக்கு அப்புறம் இன்னொரு பெரிய மாற்றம்: நீ ஆடிக்கிட்டிருக்கிற நேரத்துலயும் அந்த வெளியுலகம் நிக்கறதில்ல. ஒரு படை தன் ஊர்லருந்து கிளம்பி, உலக வரைபடத்துல நடந்து, இன்னொரு ஊர் மேல பாயும். அந்த ஊர் உன் கோட்டையாவும் இருக்கலாம்.

அதனால வாசல்ல எந்தக் கூட்டம் வந்தாலும் மூணு கேள்வி கேட்டுக்கோ. எங்கிருந்து வருது? எதுக்கு வருது? திரும்பிப் போறப்ப என்ன சேதி கொண்டுபோகும்? இந்த மூணாவதைத்தான் புதுசா ஆடறவங்க எல்லாரும் விட்டுடறாங்க. நான் சொல்லப்போற எல்லாமே இந்த மூணுக்குள்ள வந்துடும்.

கிளம்பறதுக்கு முன்னாடி

முதல் கூட்டம் நீயேதான். 7 ட்வார்ஃப், ஒரு வண்டி, அதை இழுத்துட்டு வர்ற மிருகங்க. வசந்தத்தோட முதல் நாள், கிரானைட் மாசம் 1-ஆம் தேதி, ஒரு வெட்டவெளியில வந்து நிப்பாங்க. இந்த உலகத்துல மாசத்துக்கு 28 நாள், வருஷத்துக்கு 12 மாசம், மொத்தம் 336 நாள். உன் சொந்த நாட்டு வியாபாரிங்க வர்றது இலையுதிர்காலத்துல. அதாவது, கையில கொண்டு வந்ததை வெச்சு வசந்தத்தையும் கோடையையும் ஓட்டியாகணும். சாமான் பட்டியல் போடறப்ப இந்தக் கணக்கு மனசுல இருக்கட்டும். சாப்பாடு கொஞ்சம் குறைஞ்சாலும் சமாளிக்கலாம், செடி பறிச்சு மீன் பிடிச்சு ஓட்டிடுவாங்க. விதை, குந்தாலி, கோடாலி, பட்டடை இந்த நாலையும் மறக்காதே. அதுலயும் பட்டடை. கொல்லன் உலை கட்ட பட்டடை வேணும், பட்டடை அடிக்கக் கொல்லன் உலை வேணும். விட்டுட்டு வந்தா, இலையுதிர்கால வியாபாரிகிட்ட இருந்தா உண்டு.

இறங்கற இடத்தைத் தேர்ந்தெடுக்கிற திரையிலயே அக்கம்பக்கத்துல யார் யார் இருக்காங்கன்னு ஒரு பட்டியல் வரும். நிறைய பேர் அதைப் பார்க்காம மண்ணு எப்படி, மரம் எவ்வளவு, தண்ணி உண்டான்னு மட்டும் பார்ப்பாங்க. உனக்கு அந்தப் பட்டியல்தான் முக்கியம். மனுஷங்க அதுல இல்லேன்னா கோடையில வியாபாரி வரமாட்டான். எல்ஃபுகள் இல்லேன்னா வசந்தத்துல யாரும் எட்டிப்பார்க்க மாட்டாங்க. காப்ளின் இருந்தா என்னைக்காவது முற்றுகை வரும். டவர்னு போட்டிருந்தா செத்த பிணங்களை எழுப்பற மந்திரவாதி பக்கத்துலயே குடியிருக்கான்னு அர்த்தம். முதல் கோட்டைக்கு அந்த இடம் வேண்டாம். உன் நாடே அழிஞ்சுபோன நாடா இருந்தா இலையுதிர்காலத்துலயும் வாசல் வெறிச்சுனு கிடக்கும். மனுஷங்க, எல்ஃபுகள், காப்ளின் மூணு பேரும் இருக்கிற இடமாப் பார்த்து இறங்கு. காப்ளின் எதுக்குன்னு கேட்காதே. எதிரி வராத கோட்டையில படை தேறாது, அப்புறம் பெரிசா ஏதாவது வந்தா ஒரே நாள்ல எல்லாம் முடிஞ்சுபோகும்.

உலகம் சின்னதா இருக்கட்டும். பெரிய உலகம் ஒரு பக்கத்துக்கு 257 கட்டம், கம்ப்யூட்டர் திணறும். 33 இல்ல 65 கட்டம் போதும். வரலாறு நூறு வருஷம் ஓடினா உனக்குத் தேவையான சொந்தம், பகை, கதை எல்லாம் அதுக்குள்ளயே வந்துடும்.

வண்டி வர்ற வழி

கோட்டைக்குள்ள எத்தனையோ அழகு பண்ணுவே, ஆனா நான் முதல்ல பார்க்கிறது வண்டிப்பாதைதான். வியாபாரிங்க ரெண்டு விதமா வருவாங்க. பொதி சுமக்கிற மிருகத்தோட வர்றவங்க எந்தச் சந்துல வேணா நுழைஞ்சு வந்துடுவாங்க. வண்டியோட வர்றவங்களுக்கு வரைபடத்தோட விளிம்புலருந்து, வியாபாரம் நடக்கிற உன் டிப்போ வரைக்கும் 3 கட்ட அகலத்துக்குத் தடையில்லாத வழி வேணும். வண்டியே 3-க்கு 3 கட்டம். நம்ம ஊர்ல தேர் ஓட்டத்துக்கு முன்னாடி நாலு வீதியையும் சுத்திப் பார்த்து, நீட்டிக்கிட்டிருக்கிற கிளையை வெட்டி, குழியை மூடி வைப்பாங்களே, அதே கண்ணோட உன் பாதையைப் பாரு.

எது எது தடுக்கும்? மரத்தோட அடிமரம் தடுக்கும். கிடக்கிற பாறை தடுக்கும். படிக்கட்டுல வண்டி ஏறாது. சரிவுப்பாதை வெட்டினா ஏறும். ஒரே ஒரு கட்டக் கதவு வெச்சா அதோட சரி. பொறியும் தடுக்கும். வாசலைக் காப்பாத்தறோம்னு நினைச்சு வழி நெடுக பொறி வைக்கிறவங்க வண்டியையும் சேர்த்தே அடைச்சுடறாங்க. ஆறு குறுக்க ஓடினா 3 கட்ட அகலத்துக்குப் பாலம் போடு. மேல ஒரு ரோடு போட்டுட்டா மரமும் முளைக்காது, பாறையும் இருக்காது, வருஷா வருஷம் பார்க்கிற வேலை மிச்சம்.

வழி இல்லேன்னா என்ன ஆகும் தெரியுமா? வியாபாரிங்க வந்துட்டாங்கன்னு ஒரு அறிவிப்பு வரும். நீ சந்தோஷப்படறதுக்குள்ள, உன் இடத்துக்கு வழி இல்லாததால வண்டிங்க ஒதுங்கிப் போயிட்டதா அடுத்த அறிவிப்பு வரும். சண்டை இல்ல, சாவு இல்ல, ஒரு சொட்டு ரத்தம் இல்ல. ஆனா அந்த வருஷத்துக்கு வரவேண்டிய பாதிச் சரக்கு போச்சு. உன் டிப்போவுல நாலு கோவேறு கழுதை மட்டும் பொதியோட நிக்கும். இந்த அறிவிப்பை ஒருதடவை பார்த்தா உடனே ஆட்டத்தை நிறுத்து. வரைபடத்தோட விளிம்புலருந்து டிப்போ வரைக்கும் கண்ணாலயே நடந்து வா. எங்கயாவது ஒரு இடத்துல புது மரம் நிக்கும்.

டிப்போ 5-க்கு 5 கட்டம். அதை வெட்டவெளியில போடாதே. கோட்டைக்கு நடுவுலயும் போடாதே. மதில் தாண்டின உடனே, முதல் வாசலுக்கும் ரெண்டாவது வாசலுக்கும் நடுவுல இடம் ஒதுக்கு. ரெண்டு பக்கமும் தூக்குப்பாலம், ஒவ்வொண்ணுக்கும் தனி லீவர். வெளிப்பாலத்தைத் தூக்கினா வியாபாரி எதிரிகிட்டருந்து தப்பிப்பான். உள்பாலத்தைத் தூக்கினா வெளியில இருக்கிற பிரச்சினை உள்ள வராது. பாலத்துமேல யாராவது நிக்கறப்ப லீவரை இழுக்காதே, தூக்கி வீசப்படுவாங்க. வியாபாரியை உள்ள வெச்சுப் பூட்டிட்டு மறந்தும் போயிடாதே. கிளம்பற நேரம் தாண்டி அடைபட்டுக் கிடந்தா அவங்களுக்குப் புத்தி கலங்கிடும், அப்புறம் அந்தப் பாவம் உன் கணக்குல.

சரக்கும் சேதியும்

அறிவிப்பு வந்த உடனே விற்க வேண்டிய சாமானை டிப்போவுக்குத் தூக்கச் சொல்லிடு. வியாபாரி வந்து சேர்ந்து, சரக்கிறக்கி முடிக்கிறதுக்குள்ள உன் ஆளுங்க பாதி சுமந்து முடிச்சிருப்பாங்க. அவங்க தங்கறது கொஞ்ச நாள்தான். யோசிச்சுக்கிட்டே இருந்தா கிளம்பிடுவாங்க.

புரோக்கர்னு ஒருத்தரை நியமிச்சிருக்கணும், அவருக்கு விலை மதிக்கத் தெரிஞ்சிருக்கணும். தெரியலேன்னா எந்தச் சாமானுக்கு என்ன விலைன்னே உனக்குத் தெரியாது. அவருக்கு வேற வேலை எதுவும் கொடுக்காதே. சுரங்கம் வெட்டறவனைப் புரோக்கராப் போட்டா, வியாபாரி காத்துக்கிட்டிருக்க இவன் பாதாளத்துல குந்தாலியோட நிப்பான். அவசரத்துக்கு யார் வேணாலும் பேசலாம்னு டிப்போவுலயே மாத்திக்கலாம், ஆனா பேரம் பேசத் தெரிஞ்ச ஆளுக்கு ஈடாகாது.

எதை விற்கறது? கல்லுல செதுக்கின சின்னச் சின்னப் பொருள் போதும். கல்லுக்கு அங்க பஞ்சமே இல்ல. நல்ல சமையல்காரன் இருந்தா சமைச்ச சாப்பாடே பெரிய காசு. எதை வாங்கறது? முதல் வருஷம் ஆசைப்படாதே: சாப்பாடு, துணி, தோல், உன் மண்ணுல கிடைக்காத உலோகம். அவ்வளவுதான்.

பேரத்துல கஞ்சத்தனம் வேண்டாம். இதை நான் ரொம்ப அழுத்திச் சொல்றேன். எதிராளிக்கு நல்லா லாபம் விட்டுக் கொடு. கடைசிக் காசு வரைக்கும் இறுக்கினா வியாபாரிக்குப் பொறுமை போயிடும், நீ கேட்கிற அடுத்த பேரத்துக்கு முகம் கொடுக்கமாட்டான். லாபத்தோட போன கூட்டம் அடுத்த வருஷம் சரக்கு கூடுதலா ஏத்திக்கிட்டு வரும். பலத்தைக் காட்டிச் சரக்கைப் பிடுங்கவும் வழி இருக்கு. செய்யாதே. நீ பிடுங்கினதும், உன் மண்ணுல அவங்க செத்ததும், எல்லாம் அவங்க நாட்டுக் கணக்குல ஏறும். தொடர்ந்து நஷ்டம் வந்தா வண்டி நின்னுபோகும், சண்டைகூட வரலாம்.

எல்ஃபுகளோட வியாபாரம் தனி. மரத்தை வெட்டினதை அவங்க பொறுக்கமாட்டாங்க. மரத்துல செஞ்ச எதையும் அவங்ககிட்ட நீட்டாதே. நிறைய பேர் மாட்டிக்கிறது பொருள்ல இல்ல, பெட்டியில. கல் பொம்மைதானேன்னு பெட்டியோட தள்ளுவாங்க, பெட்டி மரம். எல்ஃபு முகம் சுளிச்சுப் பேச்சை முடிச்சுக்கும். வசந்தம் பிறக்கறதுக்கு முன்னாடியே விற்கிற சாமானைப் பெட்டியிலருந்து தனியா எடுத்து வை, கேள்விக்கே இடமில்ல. அவங்க தூதர் வந்து, வருஷத்துக்கு இத்தனை மரத்துக்கு மேல வெட்டாதேன்னு கேட்பாரு. ஒத்துக்கிட்டா வாக்கைக் காப்பாத்து.

இலையுதிர்காலத்துல உன் நாட்டு வியாபாரிங்களோட தூதர் ஒருத்தர் வருவாரு. உன் தலைவர் அவரோட உட்கார்ந்து பேசணும். அடுத்த வருஷம் உனக்கு என்ன வேணும்னு அவர்கிட்ட சொல்லிவிடலாம். கேட்டது வரும், விலை கூடுதலா வரும். அவங்களுக்கு எது வேணும்னும் சொல்லுவாரு, அதைச் செஞ்சு வெச்சா நல்ல விலை. வெளியுலகச் சேதியும் அவர் வாயிலதான் வரும். தலைவருக்கு அந்தச் சமயத்துல வேற வேலை கொடுத்துடாதே, தூதர் பின்னாலயே சுத்திக்கிட்டு நிப்பாரு.

மூணாவது கேள்வி ஞாபகம் இருக்கா? வியாபாரிங்க திரும்பிப் போறப்ப உன் கோட்டை எவ்வளவு செழிப்பா இருக்குன்னு நாட்டுல சொல்லுவாங்க. அதைக் கேட்டுத்தான் அடுத்து குடியேற வர்றவங்க எத்தனை பேர்னு முடிவாகும். வியாபாரி உயிரோட ஊர் போய்ச் சேரலேன்னா சேதியும் போய்ச் சேராது. அதனால அவங்க வரைபடத்தோட விளிம்பைத் தாண்டற வரைக்கும் உன் படை வெளியில காவலுக்கு நிக்கட்டும்.

குடியேற வர்றவங்க

முதல் ரெண்டு கூட்டம் நீ என்ன நிலைமையில இருந்தாலும் வரும். அதுக்கப்புறம்தான் செழிப்பும் சேதியும் கணக்கு. 7 பேருக்குப் படுக்கை போட்டு வெச்சிருக்கிற இடத்துல திடீர்னு ஒரு பட்டாளம் வந்து நிக்கும்: புருஷன், பெண்டாட்டி, இடுப்புல குழந்தை, பின்னால நாய். அவங்க பேர் மேல அழுத்திச் சொந்தபந்தத்தைப் பாரு. ஒருத்தரோட அம்மா இன்னும் பழைய ஊர்ல இருப்பா. இன்னொருத்தரோட அண்ணன் ஏதோ போர்ல செத்திருப்பான். பலர் அந்த உலகத்தோட வரலாற்றுலயே பேர் பதிஞ்சவங்க. ஒரு நிமிஷம் ஒதுக்கி அதைப் படி. எந்த வேலையைக் கொடுக்கறதுன்னு தெரிஞ்சுக்கறதுக்கும் அது உதவும், அவங்க ஏன் சில நாள் சோர்ந்து உட்கார்ந்திருக்காங்கன்னும் புரியும்.

மக்கள்தொகைக்கு உச்சவரம்பு 200-ன்னு தானா இருக்கும். அமைப்புகள்ல போய் அதை 70, 80-க்குக் குறைச்சுடு. புதுசா ஆடறவங்களுக்கு 200 பேரோட மனசைக் கவனிக்க முடியாது, கம்ப்யூட்டரும் இழுக்காது. வர்ற கூட்டத்துல என்னைக்காவது ஒரு ரத்தக்காட்டேரி சாதாரண ஆள் வேஷத்துல கலந்து வரும். தூக்கத்துலயே ஒருத்தர் ரத்தம் வத்திச் செத்துக் கிடந்தா, அப்பத்துலருந்து விசாரணையை ஆரம்பி.

மதுக்கூடத்துக்கு வர்ற விருந்தாளிங்க

எனக்கு இந்த விளையாட்டுல ரொம்பப் பிடிச்ச பகுதி இது. 2015 டிசம்பர்ல வந்த பதிப்புலதான் மதுக்கூடம், நூலகம், கோயில் எல்லாம் வந்துச்சு. ஒரு கூடத்தை மதுக்கூடம்னு அறிவிச்சு, வெளியாட்களுக்கும் திறந்துவிட்டா, கொஞ்ச நாள்ல வழிப்போக்கருங்க வர ஆரம்பிப்பாங்க. பாணர், கவிஞர், ஆட்டக்காரர், குழுவா ஊர் ஊராப் போற கலைஞருங்க. நூலகம் கட்டினா படிச்சவங்க வருவாங்க.

ஒரு கலைக்குழு வந்தா ஆட்டத்தை அப்படியே ஓட விட்டு, கூடத்தைப் பெரிசாக்கிப் பாரு. ஒருத்தி நடுவுல நின்னு அவ ஊர் ஆட்டத்தை ஆடுவா. அந்த ஆட்டத்துக்கு ஒரு பேர் இருக்கும், எந்த நாட்டுல பிறந்துச்சுன்னு வரலாறு இருக்கும், எத்தனை பேர் எப்படி நின்னு ஆடணும்னு இலக்கணம் இருக்கும். எல்லாமே அந்த உலகம் உருவானப்ப உருவானது. உன் உலகத்துல இருக்கிற ஆட்டம் என் உலகத்துல இருக்காது. வேலை முடிச்சு வந்த உன் கொல்லன் ஓரமா நின்னு பார்ப்பான். பார்த்துப் பார்த்து ஒருநாள் அவனும் அதைக் கத்துக்குவான். அப்புறம் அந்தக் குழு போனாலும் அந்த ஆட்டம் உன் கோட்டையில நிக்கும். நடன மேடைக்குன்னு கூடத்துல கொஞ்சம் இடம் காலியா விடு, நாலு வாத்தியம் வாங்கி வை, ஒரு மதுப் பரிமாறுபவரைப் போடு.

பரிமாறுபவர் விஷயத்துல மட்டும் கவனம். அவர் ஊத்திக்கிட்டே இருப்பாரு. சின்ன உடம்புக்காரங்களும் குடிக்கிற பழக்கமில்லாத இனத்துக்காரங்களும் தாங்கமாட்டாங்க, செத்தே போன கதை உண்டு. மதுக்கூடம் வந்த புதுசுல பூனைங்க கொத்துக்கொத்தாச் செத்துச்சு. யாரும் பூனைக்கு ஊத்தல. தரையில சிந்தினதுல நடந்து, அப்புறம் பாதத்தை நக்கினதுல வந்த வினை. அந்தக் கணக்கைப் பிறகு திருத்திட்டாங்க. ஆனா இந்த உலகம் எவ்வளவு நுணுக்கமா ஓடுதுன்னு அதுலயே தெரிஞ்சுக்கோ.

விருந்தாளிங்கள்ல சிலர் தங்கறோம்னு மனு கொடுப்பாங்க. கலைஞரா, பாதாள மிருகங்களை வேட்டையாடறவரா, கூலிப்படை வீரரான்னு மனுவுலயே இருக்கும். கூலிப்படை வீரருங்களை ஏத்துக்கிட்டா படையில சேர்க்கலாம்; உன் ஆளுங்க பயிற்சி எடுத்து முடியற வரைக்கும் பெரிய துணை. ரொம்ப நாள் தங்கினவங்க குடியுரிமை கேட்பாங்க, தாராளமாக் கொடு. மிருக வேட்டைக்காரங்க பாதாளத்துக்கு இறங்கிப் போய் உயிரை விடறது வழக்கம். அவங்களுக்காகப் பாதாளக் கதவைத் திறந்து வைக்காதே.

எல்லாரும் நல்லெண்ணத்தோட வர்றதில்லங்கறதையும் சொல்லணும். உன் கோட்டையில ஒரு கலைப்படைப்பு உருவானா அதோட புகழ் வெளியில பரவும், அதைத் தேடிக்கிட்டு ஆள் வரும். பாணர் வேஷத்துல ஒற்றன் இருக்கலாம். அதனால விருந்தாளிங்களுக்குத் தனி மதுக்கூடம், வாசலுக்குப் பக்கத்துல, படுக்கை அறையோட. உன் மக்களுக்குன்னு உள்ள ஒண்ணு, அதை ஊர்க்காரங்களுக்கு மட்டும்னு மாத்திடு. விலைமதிப்பான பொருளை ரெண்டு கதவு தாண்டி வை.

பகையா வர்ற படை

மக்களும் செல்வமும் பெருகப் பெருக இவங்க வருவாங்க. முதல்ல திருட்டு: சின்னப் பொருளைத் தூக்கிட்டு ஓடற கோபோல்ட், குழந்தையைக் கடத்த வர்ற காப்ளின். ஒளிஞ்சு வர்றவங்க உன் கண்ணுக்குத் தெரியமாட்டாங்க. வாசல்ல ஒரு நாயைக் கட்டி வை, அது கண்டுபிடிச்சுடும். இதைவிடச் சிக்கனமான காவல் எதுவும் இல்ல.

முற்றுகை வர்றப்ப செய்ய வேண்டியதை முன்னாடியே பழகி வை. எல்லாரையும் உள்ள கூப்பிடற ஏற்பாடு, லீவருக்குப் பக்கத்துல எப்பவும் ஒரு ஆள், கிணறு மதிலுக்குள்ள. வந்த படைக்கும் ஒரு ஊர் உண்டு, தலைவன் உண்டு. அடிச்சு விரட்டினப்புறம் உலக வரைபடத்தைத் திறந்து அவங்க எங்கிருந்து வந்தாங்கன்னு பாரு.

2017-லருந்து உன் படையையும் வெளியில அனுப்பலாம்: சூறையாட, கப்பம் கேட்க, கடத்தின குழந்தையை மீட்க, திருடின பொருளைத் தேட. அவங்க நடந்து வரைபடத்தோட விளிம்பைத் தாண்டணும், அப்பத்தான் பயணம் தொடங்கும். பாலம் தூக்கியிருந்தா உள்ளேயே நிப்பாங்க. திரும்பி வந்ததும் அறிக்கையில எந்த வழியாப் போனாங்கன்னு வரைபடத்துல காட்டும். போன படை திரும்பற வரைக்கும் கோட்டையில காவல் குறைவு. இருக்கிற படை முழுசையும் ஒரே நேரத்துல அனுப்பாதே.

நீயே வழிப்போக்கனா மாறினா

ஒரு கோட்டை ஓரளவு நிலைச்சப்புறம் சாகச முறையை ஆடு. ஸ்டீம் பதிப்புக்கு அது 2024-ல சோதனையா வந்து, 2025 ஜனவரியில முழுசா வந்துச்சு. ஸ்டீம்ல வாங்கக் காசு இல்லாத உன் கூட்டாளிங்களுக்கும் சொல்லு, கிளாசிக் பதிப்பு இலவசமாவே கிடைக்குது.

இங்க நீ ஒரு ஆள். தனியா போகாதே. 2020-லருந்து ஆரம்பத்துலயே ரெண்டு மூணு பேரைச் சேர்த்து ஒரு குழுவா உருவாக்கலாம், ஏறிப்போக மிருகமும் எடுத்துக்கலாம். வழியில பார்க்கிறவங்ககிட்ட பேச்சுக் கொடுத்து, கூட வர்றியான்னும் கேட்கலாம். உன் பேர் எவ்வளவு தூரம் பரவியிருக்கோ, அவ்வளவு பேர் கூட வருவாங்க. முதல்ல ஊருக்குத் தொல்லை கொடுக்கிற ஒரு சின்ன மிருகத்தைக் கொன்னுட்டு வந்து கேளு, பதில் வேற மாதிரி இருக்கும்.

விரைவுப் பயணம் போறப்ப எல்லாரும் ஒரே புள்ளியாச் சுருங்கி வரைபடத்துல நகருவீங்க. மலையும் கடலும் வழியை அடைக்கும், சுத்திப் போ. பக்கத்துல எதிரி இருந்தா பயணம் தொடங்காது. அப்படித் தடுத்தா சுத்திலும் பாரு, அனேகமா உன் கூட்டாளி ஒருத்தன் ஏதோ ஒரு மிருகத்தோட மல்லுக்கட்டிக்கிட்டிருப்பான். அவனை விட்டுட்டுக் கிளம்பப் பார்க்காதே, போய் உதவி பண்ணு. எல்லாரும் ஒண்ணு சேர்ந்தப்புறம் கிளம்பு.

ராத்திரிக்கு ஊர்ல தங்கப் பாரு, வீட்டுக்காரங்ககிட்ட கேட்டா இடம் கொடுப்பாங்க. சாபம் பிடிச்ச நிலத்துல தனியா ராத்தங்கினா இருட்டுலருந்து போகிமேன்ங்கற பேய் வரும். கூட ஆள் இருந்தா அது அண்டாது. தண்ணித் தோல்பை நிரப்பிக்கிட்டே போ. குளிர் பிரதேசத்துல உறைஞ்சுட்டா தீ மூட்டி உருக்கிக்கலாம். கண்ணுல பட்டதையெல்லாம் மூட்டை கட்டாதே, சுமை ஏறினா நடை தளரும், நடை தளர்ந்தா சண்டையில அடி விழும்.

கடைசியா ஒண்ணு. இப்ப ஆடற கோட்டை அலுத்துப்போச்சுன்னா அதைக் கைவிட்டுடாதே, ஓய்வு கொடுக்கிற வழியைத் தேர்ந்தெடு. கைவிட்டா மக்கள் கலைஞ்சு போயிடுவாங்க. ஓய்வு கொடுத்தா அங்கேயே வாழ்வாங்க, நீ பின்னாடி மறுபடி ஏத்து நடத்தலாம். அதே உலகத்துல பக்கத்து ஊர்லருந்து ஒரு குழுவைக் கிளப்பி அந்தக் கோட்டைக்கே நடந்து போ. நீ வேலைக்கு வெச்ச ஆளுங்களோட நேருக்கு நேர் நின்னு பேசலாம், துணைக்கும் கூப்பிடலாம். இதைச் செய்யறதுக்கு முன்னாடி சேவ் ஃபோல்டரை ஒரு பிரதி எடுத்து வேற இடத்துல வெச்சுடு.